பிணவறையிலிருந்து ஒரு நேயர் விருப்பம்

“நாங்க ஊழியருங்க இல்ல தம்பி, கான்ட்ராக்டு.”

எங்கள் மருத்துவமனை வானொலிக்கு வந்த முதல் விமர்சனம் இதுதான். சொன்னவர் பிரசவ வார்டைக் கூட்டிக் கழுவுகிற அக்கா. ‘நோயாளிகளுக்கும் ஊழியர்களுக்கும்’ என்று தடித்த எழுத்தில் நோட்டீஸ் அடித்து வார்டுக்கு வார்டு ஒட்டிவிட்டு, நேயர் விருப்பச் சீட்டுக் கட்டோடு அவர் முன்னால் போய் நின்றேன். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு இதைச் சொன்னார். கோபமெல்லாம் இல்லை. ரேஷன் கடையில் ‘உங்க கார்டு இந்தக் கடையில இல்லீங்க’ என்று சொல்வார்களே, அந்த மாதிரி. பட்டம் படித்தவன், கவிதை எழுதுகிறவன், கூட்டங்களில் ‘விளிம்புநிலை’ என்கிற சொல்லை வாரத்துக்கு இரண்டு தடவையாவது உச்சரிக்கிறவன். என் நோட்டீசில் நானே ஒரு வேலியைப் போட்டிருக்கிறேன். அரசுச் சம்பளப் பட்டியலில் பெயர் இருக்கிறவர் ஊழியர். ரத்தத் துணியை அள்ளுகிறவர் கான்ட்ராக்டு. அடுத்த வாரம் நோட்டீசை மாற்றினோம்: ‘இங்கே படுத்திருப்பவர்களுக்கும் இங்கே பாடுபடுபவர்களுக்கும்’. வாத்தியார் ஒருவர் எதுகை மோனை நன்றாக இருப்பதாகப் பாராட்டினார். போகட்டும்.

வானொலி என்று சொல்வதே கொஞ்சம் பெருமைக்குத்தான். எங்களிடம் அலைவரிசை கிடையாது. காற்றலைகள் மக்களின் பொதுச்சொத்து என்று உச்சநீதிமன்றம் 1995ல் சொன்னது. சமூக வானொலிக்கான கதவு முதலில் கல்வி நிறுவனங்களுக்கும், 2006ல் தொண்டு நிறுவனங்களுக்கும் திறந்தது. ஆனால் உரிமம், கோபுரம், டிரான்ஸ்மிட்டர் எல்லாம் எங்களை மாதிரி ஏழு பேருக்குக் கட்டுப்படியாகிற சமாச்சாரம் இல்லை. நாங்கள் கம்பி வழி. டிஜிட்டல் எக்ஸ்ரே வந்தபின் பூட்டிக் கிடந்த இருட்டறை ஒன்றைக் கெஞ்சி வாங்கினோம். இன்னமும் பிலிம் கழுவிய மருந்து வாடை போகவில்லை. அதில் ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு மைக், ஒரு பழைய கம்ப்யூட்டர். அங்கிருந்து வார்டுகளுக்கு ஒயர் இழுத்து, ஒவ்வொரு வார்டிலும் ஒரு ஸ்பீக்கர் பெட்டி. நூறு வோல்ட் லைன் என்பார்கள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் சின்ன டிரான்ஸ்பார்மர் இருப்பதால் நீளமான ஒயரில் பல பெட்டிகளைத் தொங்கவிட முடியும். சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் நண்பர் தன் பழைய பெட்டிகளைக் கொடுத்தார். மீதியை நாங்கள் போட்டோம். தொடங்கியது 2017ல். 2015 செப்டம்பரிலிருந்து வங்கிகளுக்கு இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் விடுமுறை. அந்தச் சனிக்கிழமைகளும் எல்லா ஞாயிறுகளும் எங்கள் ஒலிபரப்பு நாட்கள். 2020ல் கொரோனாவில் மூடி, 2022ல் மறுபடி திறந்தோம்.

எனக்கு இது எங்கே தொடங்கியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2014ல் அப்பா இதே மருத்துவமனையில் இருபத்துமூன்று நாள் கிடந்தார். வார்டுச் சுவரில் அப்போதும் ஒரு குழாய் உண்டு. அதிலிருந்து இரண்டே வகைக் குரல்தான் வரும். ஒன்று கூப்பிடுவது, இன்னொன்று அதட்டுவது. ‘கூட இருக்கறவங்க எல்லாம் வெளிய போங்க.’ ‘வராண்டாவுல எச்சி துப்பாதீங்க.’ அப்பா ஊரில் நாற்பது வருசம் இதே இரண்டு வகைக் குரலைக் கேட்டவர். குழாய் கரகரத்ததும் படுக்கையிலேயே முதுகை நிமிர்த்துவார். உடம்பு தானாக நிமிரும். அதை நான் பார்த்தேன். அந்தக் குழாயில் வேறொரு குரல் வரவேண்டும் என்று நான் நினைத்தது சேவை மனப்பான்மையில் அல்ல.

சில தோழர்கள் ‘இது என்.ஜி.ஓ. வேலை, கருணை அரசியல், கட்டிலில் கிடக்கிறவனுக்கு இளையராஜா போட்டுத் தூங்கவைக்கிறாய்’ என்கிறார்கள். பாதி உண்மை. எங்களுக்கு வரும் சீட்டுகளில் பெரும்பாலும் இளையராஜாதான். அவர் பாட்டைக் கேட்டுத் தூங்கினால் தூங்கட்டுமே, கால் முறிந்து கிடக்கிறவனுக்குத் தூக்கம் என்ன குற்றமா? ஆனால் விசயம் பாட்டில் முடியவில்லை என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த யோசனை எங்களுடையது அல்ல. 1919ல் வாசிங்டன் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில், முதல் உலகப்போரில் அடிபட்டு வந்த சிப்பாய்கள் படுத்தபடியே ஹெட்போனில் கேட்டிருக்கிறார்கள். பிரிட்டனில் இதற்கு முன்னோடி 1925ல் யார்க் நகர மருத்துவமனை: 200 படுக்கைகளுக்கு ஹெட்போன், 70 ஒலிபெருக்கி. பிறகு நாடு பூராவும் பரவியது. நடத்தியவர்கள் வேலை முடிந்து வந்த சாதாரண ஆட்கள். உள்ளூர் கால்பந்து மைதானத்திலிருந்து வார்டுக்கு நேரடி வர்ணனை கொடுத்திருக்கிறார்கள். சாயங்காலம் கட்டில் கட்டிலாகப் போய் ‘உங்களுக்கு என்ன பாட்டு வேணும்’ என்று கேட்டு எழுதி வந்திருக்கிறார்கள். பாட்டைவிட, கேட்க வருகிற அந்த ஆள்தான் முக்கியம் என்பது இந்த வேலை செய்த எல்லோருக்கும் தெரியும். 1970களின் கடைசியில் லண்டன் பக்கத்து கார்ஷால்டனில் குழந்தைகள் மருத்துவமனையொன்றில் தொடங்கிய ‘ரேடியோ லாலிபாப்’ இன்னும் ஒருபடி மேலே போய்ப் பிள்ளைகளையே மைக்கில் பேசவிட்டது.

யார்க்கின் ஹெட்போனை நான் நிறைய நாள் யோசித்திருக்கிறேன். ஹெட்போன் என்றால் வேண்டாதவர் கழற்றி வைக்கலாம். எங்கள் பெட்டி அப்படி இல்லை. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் சிஸ்டர் மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. முப்பது கட்டிலுக்கும் ஒரே குமிழ். ஊர்த் திருவிழா என்றால் சேரியின் பக்கம் குழாயைத் திருப்பிக் கட்டுவார்கள், பத்து நாள் நமக்குத் தூக்கம் கிடையாது. வேண்டாம் என்று சொல்ல நமக்கு வாய் இருந்ததில்லை. அப்படிப்பட்ட நாமே இன்னொருவர் காதில் கட்டாயமாக ஒன்றை ஊற்றுகிற இடத்தில் நிற்கும்போது கொஞ்சம் கூச வேண்டாமா? இந்தக் கூச்சம் பின்னால் உதவியது.

கையுறை விவகாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2018ல் ‘ஒரு நாள் வேலை’ என்று பத்து நிமிட நிகழ்ச்சி வைத்தோம். சமையல்கட்டுக்காரர், லிப்ட் ஆபரேட்டர், மருந்து கொடுக்கிறவர் எல்லாரும் பேசினார்கள். பிரசவ வார்டு அக்காவும் பேசினார். ஒரு சோடிக் கையுறையைக் கழுவிக் கழுவி ஒரு வாரம் போடுவதை, கிழிந்த விரலுக்குப் பிளாஸ்திரி சுற்றுவதை, சிரித்துக்கொண்டே சொன்னார். அருமையான குரல். வார்டில் கைதட்டியதாக நர்சிங் மாணவிகள் வந்து சொன்னார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ‘அடக்கப்பட்ட குரல் வெடித்தது’ என்று அன்று இரவு ஒரு கவிதைகூட எழுதினேன். திங்கட்கிழமை ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசர் அவரை நைட் டூட்டிக்கு மாற்றிவிட்டார். வீட்டில் ஏழாவது படிக்கிற பெண்பிள்ளை தனியாக. மாற்றியதை மாற்ற எங்களுக்கு மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் என் சம்பளத்தில் ஒரு பைசா குறையவில்லை. குரல் கொடுப்பது, குரல் கொடுப்பது என்கிறோமே, அதற்கு விலை உண்டு. மைக்கைப் பிடித்தவன் நிரந்தர ஊழியன், விலை கொடுத்தவர் கான்ட்ராக்டு. அந்தக் கவிதையைக் கிழித்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு விதி வைத்தோம்: குறைகளைச் சொல்வதென்றால் எங்கள் பெயரில், எங்கள் குரலில். அவர்கள் பெயரில் போவது அவர்கள் விரும்பிய பாட்டு மட்டும்.

இப்போது பிணவறை.

போன வருசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிணவறையில் வேலை செய்கிற அண்ணன் சீட்டு ஒன்றை என் சட்டைப்பையில் செருகிவிட்டுப் போனார். ஐம்பதைத் தாண்டியவர், வரிசையில் நின்று எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவர். சீட்டில் மூன்றே வார்த்தை வகை: ‘பறை. பத்து நிமிசம். பிணவறை.’ தன் அண்ணன் மகனின் குழு அடித்ததை செல்போனில் பதிந்து வைத்திருந்தார். கேட்டேன். தரமான அடி. இரண்டு வேண்டுகோள்கள் அந்தச் சீட்டில் இருந்தன என்பது எனக்கே இரண்டாம் நாள்தான் உறைத்தது. பறை போட வேண்டும். அது பிணவறையிலும் கேட்க வேண்டும். அங்கே நாங்கள் பெட்டியே வைக்கவில்லை. எல்லா வார்டுக்கும் ஒயர் இழுத்தோம், கேன்டீனுக்கு இழுத்தோம், சைக்கிள் ஸ்டாண்டுக்குக்கூட இழுத்தோம். அந்தப் பக்கம் போகத் தோன்றவில்லை. ஊருக்குள் கம்பம் நட்டுக்கொண்டே வந்து சேரிக்கு முன்னால் நிறுத்துவார்களே, அதே ஒயர், அதே கை. இந்தத் தடவை என் கை.

குழுவில் வைத்தேன். “செத்தவனுக்கு எதுக்குங்க பாட்டு?” என்றார் எங்களில் ஒருவர். வாசலில் நின்றிருந்த அண்ணன் சொன்னார்: “செத்தவன் கேக்கல சார். நான் கேக்கறேன்.”

ஓட்டெடுப்பில் ஐந்துக்கு இரண்டு. தோற்றோம். ஆர்.எம்.ஓ. அலுவலகத்துக்குச் சேதி எப்படியோ போய்விட்டது, கூப்பிட்டார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். ‘நல்லாத்தானே சார் போயிட்டிருக்கு. ஆஸ்பத்திரியில சாவு மேளத்தப் போட்டா பேசண்ட் என்ன நெனப்பான்? நீங்க படிச்சவரு.’ இந்த ‘படிச்சவரு’ எதற்காக வருகிறது என்பது இதைப் படிக்கும் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் இதே வளாகத்துப் பிள்ளையார் கோயில் குழாயில் நாதசுரமும் தவிலும் போகிறது. அது மங்கல இசை. தவிலும் தோல், பறையும் தோல். மாணவிகள் கேட்டு நாங்கள் போடுகிற சினிமாப் பாட்டுகளில் பாதியில் பறையடிதான் பின்னால் ஓடுகிறது. அதன் பெயர் குத்துப்பாட்டு. கால்கட்டுப் போட்டவன்கூடப் பெருவிரலை ஆட்டுகிறான். அதே அடி, அடிக்கிறவன் முகத்தோடும் பெயரோடும் வந்தால் சாவு மேளம் ஆகிவிடுகிறது. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் கருப்பொருளாக ஒரு பறையை வைத்திருக்கிறது என்று தமிழ்ப் பெருமை பேசும் மேடைகளில் முழங்குவார்கள். ஏட்டில் இருக்கிற பறைக்குத் தீட்டு இல்லை போலும்.

இது ஆஸ்பத்திரி ஆட்களின் தனி நோயும் அல்ல. நமது வானொலியின் வரலாறே எந்த ஓசை சுத்தம், எது அசுத்தம் என்று பிரித்த வரலாறுதான். அகில இந்திய வானொலி 1940ல் ஆர்மோனியத்தைத் தடை செய்தது. தெருவில், கூத்தில், ஏழை பாளை வீட்டில் புழங்கிய பெட்டி. நம் சங்கீதத்துக்கு ஒவ்வாதது என்றார்கள். தடை தளர 1971 ஆயிற்று. 1952ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி.கேஸ்கர், சனங்களின் ரசனையைச் சுத்தம் பண்ணப் புறப்பட்டு சினிமாப் பாட்டை ஓரங்கட்டினார். சனங்கள் ரேடியோவை இலங்கைப் பக்கம் திருப்பிவிட்டுப் போனார்கள். வேறு வழியில்லாமல் 1957ல் விவித் பாரதி வந்தது. ஆர்மோனியத்துக்கு வாதாட வித்துவான்கள் இருந்தார்கள். சினிமாப் பாட்டுக்கு இலங்கை இருந்தது. பறைக்கு இந்த இருட்டறையில் ஏழு பேரில் இரண்டு பேர்.

ஆனால் தோழர்களே, இங்கேதான் விசயம் எனக்குச் சுலபமாக இல்லாமல் போனது. ஆர்.எம்.ஓ.வையும் ஐந்து ஓட்டையும் எதிர்த்து எழுத எனக்கு ஒரு ராத்திரி போதும். ஆண்கள் மெடிக்கல் வார்டில் புருசனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்மணியிடம், நம்ம சனம்தானே, நம் பக்கம் பேசுவார் என்ற தெம்பில் போய் இதைச் சொன்னேன். கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டுச் சொன்னார்:

“வேணாம் தம்பி. அந்தச் சத்தம் கேட்டா எங்க மாமனாரு ஞாபகம்தான் வரும். ஊர்க்காரங்க வீட்டு எழவுக்கு மழையில ரெண்டு நாளு நின்னு அடிச்சாரு. வவுறு காஞ்சு. இவரு இப்ப இருக்கற இருப்புல அது என் காதுல விழ வேணாம்.”

என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. இயக்கத்து மூத்த தோழர் ஒருவரிடம் போனேன். அவரும் வேண்டாம் என்றார், வேறு காரணத்துக்கு. பறையடிக்க மாட்டோம் என்று சொன்னதற்காக உதை வாங்கிய தலைமுறை அவருடையது; பறையைக் கீழே போடுவதுதான் விடுதலை என்று நம்பிப் போராடியவர். ‘நாங்க கஷ்டப்பட்டு எறக்கி வச்சத நீ மைக் வச்சுத் தூக்கறியா?’ என்றார். 1990களில் பறையை ஊர்ச் சாவிலிருந்து பிரித்து மேடைக்கும் ஊர்வலத்துக்கும் கொண்டுவந்தவர்களின் பிள்ளை நான். அவருக்கும் எனக்கும் நடுவில் இந்த விவாதம் இன்றைக்கும் முடியவில்லை.

ஆக மூன்று ‘வேண்டாம்’. மூன்றும் ஒரே வார்த்தை, ஒரே அர்த்தம் இல்லை. ஆபீசின் வேண்டாம் தீட்டிலிருந்து வருகிறது. தோழருடையது போராட்டத்திலிருந்து. அந்த அம்மாவுடையது உடம்பிலிருந்து; என் அப்பாவின் முதுகு நிமிர்ந்ததே, அதே இடத்திலிருந்து. அவருடைய காதுக்கு அவர்தான் உரிமைக்காரர். ‘நம் கலை’ என்று சொல்லி அவர் தலைமாட்டில் நான் அதை அலறவிட்டால், சேரிப் பக்கம் குழாயைத் திருப்பிக் கட்டியவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அதேசமயம், அவர் பெயரைச் சொல்லி ஆபீஸ் தன் தீட்டை ஒளித்துக்கொள்வதையும் விட முடியாது. ‘பேசண்ட் என்ன நெனப்பான்’ என்று கேட்டவர்கள் ஒரு பேசண்டிடமும் போய்க் கேட்கவில்லை. கேட்டது நான். கேட்டதனால்தான் தோற்றேன் என்பது வேறு.

என் கருத்து இதுதான், குழுவிலும் இதைத்தான் எழுத்தில் கொடுத்தேன். பறையை எல்லா வார்டுக்கும் போடுவதா கூடாதா என்பது தப்பான கேள்வி. அந்தக் கேள்வியை நாம் ஏற்றுக்கொண்ட அன்றே ஒரே குமிழை யார் கையில் கொடுப்பது என்கிற சண்டையாக அது சுருங்கிவிட்டது. பெட்டிக்குப் பெட்டி தனிக் குமிழ், தனி ஒயர். வார்டு வார்டாகக் கேட்பது. வேண்டாம் என்கிற வார்டில் போடாமல் இருப்பது. அந்த வேண்டாம் பறைக்கு மட்டும் அல்ல, பக்திப் பாட்டுக்கும் குத்துப்பாட்டுக்கும் பொருந்த வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் எதுவுமே கூடாது, அது மருத்துவம். ஆனால் முதல் பெட்டி எங்கே போகவேண்டும் என்பதில் மட்டும் கேள்வியே இல்லை. கேட்டவரின் இடத்துக்குப் போக வேண்டும்.

பெட்டி, ஒயர் செலவை நானும் என் பக்கம் ஓட்டுப் போட்ட சவுண்ட் சர்வீஸ் நண்பரும் பாதிப் பாதி போட்டோம். ஆபீசில் ‘டெஸ்டிங்’ என்று சொல்லியிருக்கிறோம். அவர்களும் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருக்கிறார்கள். ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு அண்ணன் தானே குமிழைத் திருப்பினார். மெதுவாகத்தான் வைத்தார். பக்கத்து வேப்பமரத்தடியில் உடல் வாங்கக் காத்திருந்தவர்களிடம் முதலிலேயே போய்க் கேட்டிருக்கிறார், ‘போடலாங்களா?’ என்று. இந்த மருத்துவமனையில் அவர்களிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. பத்து நிமிசம் ஓடியது. ஒரு பெரியவர் மட்டும் எழுந்து, பெட்டிக்குக் கீழே வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டுவிட்டுத் திரும்பப் போய் உட்கார்ந்தார். அழவில்லை, ஒன்றும் சொல்லவும் இல்லை. அண்ணன் பெட்டியைத் துணியால் துடைத்துவிட்டு உள்ளே போனார்.

எலும்பு முறிவு வார்டிலிருந்து போன வாரம் ஒரு சீட்டு வந்திருக்கிறது. ‘பொணவறையில போட்டத எங்களுக்கும் போடவும். பெட் 14.’ பெட் 13ம் பெட் 15ம் சம்மதித்தார்களா என்று இன்னும் கேட்கவில்லை. மெடிக்கல் வார்டில் அந்த அம்மாவும் அவர் புருசனும் இன்னமும் இருக்கிறார்கள். அந்த வார்டின் ஒயரை அன்று கழற்றித்தான் வைத்திருந்தோம், நாலு மணிக்கு அங்கே எதுவும் பாடவில்லை. வருகிற நான்காம் சனிக்கிழமை குழு மறுபடி கூடுகிறது. மூத்த தோழர் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், சண்டை போடத்தான். பக்கத்து ஊர்த் தோழர்கள், மாணவர்கள் யாராவது வந்தால் நல்லது. வரும்போது யாரிடமாவது பழைய ஒயர் ஐம்பது மீட்டர் இருந்தால் எடுத்துவாருங்கள். டி.பி. வார்டுக்கு இன்னும் இழுக்கவில்லை.